முக்கால் மில்லி

சரவணா,

இந்தப் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் உன் கையில் கிடைப்பது ஒரு டிரில் பிட்டாக இருக்கும். கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது, சட்டைக்கு அளவு கேட்காமல், கூட வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை பத்திரிகை வேண்டும் என்று கேட்காமல், அம்மா எதற்குக் கான்கிரீட் துளைக்கிற பிட்டை அனுப்பியிருக்கிறாள் என்று தலையைச் சொறிவாய். அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படி. உறையை நான் ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான் ஒட்டவில்லை. நீ படித்த பிறகு நித்யா படிக்கலாம், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்று வருடமாக மூடி வைத்தது போதும்.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். இந்த வாரத்தில் நாலு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நாலு தடவையும் நீ "சொல்லும்மா" என்றாய். நாலு தடவையும் நான் "சாப்பிட்டியாடா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். கடைசித் தடவை நீ சிரித்தாய். "ஏம்மா, நான் சாப்பிடலன்னு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் நின்றால் பத்து பேரைச் சமாளிக்கிற இந்த வாய், உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்லப் போனால் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கடையை அரை நாள் சாத்திவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று கீழ்புத்துப்பட்டில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். தாம்பூலம் மாற்றியாயிற்று, எல்லோருக்கும் கேசரி வந்தாயிற்று. நித்யாவின் அப்பா தணிகாசலம் உன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மாப்ள, டிரில்லு வேலையில நீங்க கெட்டிக்காரருன்னு இந்தப் பக்கம் பேசிக்கிறாங்க. அத உட்டுட்டு ஏன் மெட்ராஸ்ல குடோன் வேலைக்குப் போனீங்க?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நீ வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். "என் கவனக்குறைவால ஒருத்தங்களுக்குக் கை போயிடுச்சுங்க மாமா. அதுக்கப்புறம் மிஷின தொடல" என்றாய். அவர் கொஞ்ச நேரம் உன் கையையே பார்த்தார். பிறகு, "சரி, இனிமேலாவது கவனமா இருங்க. எங்க பொண்ண நம்பிக் குடுக்கிறோம்" என்றார். இருபது பேர் நடுவில், தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க மாமா" என்றாய். உனக்கு மூன்றாவது ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேசரியை ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தேன். அதை நினைத்தால்தான் இன்னும் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

ஏனென்றால் அந்தக் கவனக்குறைவு உன்னுடையது இல்லை. கவனக்குறைவுகூட இல்லை. தெரிந்தே செய்தது. செய்தது நான்.

உன் அப்பா இருந்தவரைக்கும் எனக்கு டிரில் பிட்டுக்கும் முருங்கைக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. அவர் போன பிறகு கடையை மூடிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் மூடவில்லை. ஆறே மாதத்தில் எந்த டப்பாவில் எந்த அளவு ஆணி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அந்தத் திமிர் எனக்கு உண்டு. ஆங்கர் வாங்க வருகிறவர்களிடம் உன் அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? "மொதல்ல ஆங்கர எடுத்து மேசை மேல வை. அப்புறம் பிட்டு தரேன்" என்பார். கான்கிரீட்டில் ஓட்டை போட்டு உள்ளே தட்டிவிட்டு நட்டை முறுக்கினால், உள்ளேயே விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்கிற போல்ட் அது. சுவர் சரியாக அதன் உடம்பு அளவுக்கே இடம் கொடுத்தால்தான் பிடிக்கும். ஓட்டை சின்னதாக இருந்தால் உள்ளே போகாது, சம்மட்டியால் அடித்து மரையைக் கெடுப்பார்கள். பெரிதாக இருந்தால் இன்னும் மோசம், போல்ட் உள்ளே போய்விடும், பிடித்த மாதிரியே காட்டும். அதனால் ஆங்கரையும் பிட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெர்னியரால் இரண்டையும் அளந்து பார்த்துத்தான் கொடுப்பார். மேலே இருக்கும் நட்டைப் பார்த்து அளவு சொல்கிறவர்களை, "தலப்பாகைய பாத்து சட்டை தைப்பியா?" என்று கேட்பார். ஓட்டைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுக்காமல் போல்ட்டைப் போடுகிறவனுக்கு அவரிடம் மரியாதையே கிடையாது. அந்த வழக்கத்தை நானும் விடவில்லை. திண்டிவனத்திலிருந்து வருகிற முன்பின் தெரியாத ஆளுக்குக்கூட அளந்து பார்த்துத்தான் கொடுத்தேன். நீ ஒருத்தன் வந்தபோதுதான் அளக்கவில்லை.

நம் வீட்டு வழக்கம் ஒன்று இருக்கிறதே, அதையும் சொல்ல வேண்டும். கடையில் விற்காததெல்லாம் வீட்டுக்கு. நம் குளியலறைத் தாழ்ப்பாள் பாதிதான் விழும், ஏனென்றால் அது யாரோ திருப்பிக் கொடுத்தது. சமையலறைக் குழாய் இருமிக்கொண்டுதான் தண்ணீர் விடும். நீ பெரியவனாகி, சுவரில் எது மாட்டினாலும் கழன்று விழாது என்று பெயர் எடுத்த பிறகும், உனக்கு நான் கொடுத்த சாமான்கள் மிச்சம் மீதிதான். நீ முகம் சுளித்ததில்லை. கைவேலை நன்றாக இருந்தால் சாமான் எப்படி இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன்.

பங்குனி மாதம் அது. ஏழுமலை உன்னைக் கூப்பிட்டுவிட்டிருந்தார். அவருடைய உப்பளத்தில் மூட்டை அடுக்குகிற கொட்டகையின் கான்கிரீட் சுவரில் ஆறு இரும்புத் தாங்கிகளை ஆங்கர் போட்டு முடுக்கி, மேலே தகரம் போட்டு ஒரு சார்ப்பு இறக்க வேண்டும். உப்பு வாருகிற பெண்கள் மதியத்தில் நிழலில் உட்கார்ந்து சோறு தின்பதற்காக. ஆங்கர் அவரே வாங்கி வைத்திருந்தார், பன்னிரண்டு எம்.எம். காலையில் கடையைத் திறந்து, சாம்பிராணி போட்டு முடிக்கவில்லை, நீ வந்து நின்றாய். "ம்மா, கான்கிரீட்டுக்குப் பன்னெண்டு பிட்டு ஒண்ணு குடு. என்னுது முனை உடைஞ்சுபோச்சு" என்றாய்.

பன்னிரண்டு கடையில் இல்லை. முதல் நாள் சாயங்காலம்தான் கடைசி ஒன்று போனது. புதுச்சேரியிலிருந்து மறுநாள் சரக்கு வரும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முதல் போணி ஆவதற்கு முன்னால் எந்தக் கடைக்காரியும் வாயைத் திறந்து இல்லை என்று சொல்ல மாட்டாள், அது உனக்கே தெரியும். சரி, நாளைக்கு வரும் என்று சொல்லியிருக்கலாம். உன் அப்பா அப்படித்தான் சொல்வார். எனக்கு அதிலும் ஒரு தடங்கல் இருந்தது. நாளைக்கு என்று சொன்னால் நீ ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்குப் போவாய். கூனிமேட்டு பாய் அந்தக் கடையைப் போட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் வாடிக்கையில் பாதி அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கு, பஸ் ஸ்டாப்பில் ஊரே நிற்கும்போது, என் வயிற்றில் பிறந்தவன் என் கடையை விட்டு இறங்கி அந்தக் கடையில் ஏறுவதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. பத்து எட்டு எடுத்து வைத்தால் போதும், அந்த ரோட்டைக் கடக்க.

மேசையின் கீழ் டிராயரில் ஒரு பிட் கிடந்தது. யாரோ ஒரு வாரம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொண்டு போனது. மிஷின் பிடிக்கிற சக்கில் தேய்ந்து எழுத்து அழிந்துவிட்டிருந்தது, ஆனால் அது என்ன அளவு என்று எனக்குத் தெரியும். அரை இஞ்ச். நாம் நாலு நூல் என்போமே, அது. பன்னிரண்டு எம்.எம்.மைவிட முக்கால் மில்லி அதிகம். ஜன்னல் கம்பியோ தண்ணீர்க் குழாயோ என்றால் அந்த முக்கால் மில்லியை யாரும் கேட்க மாட்டார்கள். ஆங்கரில் அதுதான் எல்லாம். அதை எடுத்து உன்னிடம் நீட்டினேன். நீ திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இது பன்னெண்டுதானாம்மா? கொஞ்சம் தடியா இருக்குது" என்றாய். வெர்னியர் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. "பன்னெண்டுதாண்டா. நான் சொல்றேன் இல்ல, போ" என்றேன்.

நான் சொல்றேன் இல்ல. எனக்கு இருந்த தைரியத்தைப் பார்.

பதினொரு மணிக்கு உப்பளத்திலிருந்து போன் செய்தாய். அதுவாவது என்னைத் தடுத்திருக்க வேண்டும். "ம்மா, ரெண்டு போல்ட்டு முறுக்க முறுக்க சுத்துது, பிடிக்க மாட்டேங்குது" என்றாய். வேலையை நிறுத்து, அந்தப் பிட் தப்பு என்று ஒரு வார்த்தை போதும். ஓட்டையைத் தள்ளிப் போட்டு வேறு இடத்தில் சரியாகத் துளைத்திருப்பாய். கடையில் அப்போது மூன்று பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் காதில் விழுமே என்று இருந்தது எனக்கு. "ஓட்டையில தூளு இருக்கும்டா. ரெண்டு துண்டு கட்டுக்கம்பி சொருகி இறுக்கு, பிடிச்சுக்கும்" என்றேன். உன் அப்பா அந்த மாதிரி வேலை செய்கிறவனைக் கடைக்குள் சேர்க்க மாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் "சரிம்மா" என்றாய்.

சார்ப்பு ஆடி வரைக்கும் நின்றது. ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, பாத்தியில் இருக்கிற உப்புத் தண்ணியே கரையேறி ஓடும். மதியம் சோற்று நேரம். கடைசித் தாங்கி பிடுங்கிக்கொண்டு வந்தது, அதோடு தகரமும். மற்றவர்கள் எழுந்து ஓடிவிட்டார்கள். அஞ்சலை அக்கா தூக்குச் சட்டியை எடுக்கக் கையை நீட்டியிருக்கிறாள். இரும்பு அவள் வலது முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, விரல்கள் திரும்ப மடங்கவில்லை. பதினெட்டு வயதிலிருந்து உப்பு வாரும் பலகையைப் பிடித்த கை அது. இப்போது இடது கையால் உப்பைப் பாக்கெட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மறுநாள் காலை ஏழுமலையின் ஆபீஸ் ரூமில் நம்மை உட்கார வைத்துக் கேட்டார்கள். பிடுங்கிக்கொண்டு வந்த போல்ட்டை மேசை மேல் போட்டிருந்தார்கள், கட்டுக்கம்பி அதில் சுற்றிக்கொண்டு இருந்தது. "ஏம்பா சரவணா, ஓட்டையில கம்பிய சொருகிட்டுப் போயிருக்கிறியே, இதுதான் நீ பாக்கிற வேலையா?" என்றார் ஏழுமலை. "தப்புதாங்க. போல்ட்டு சுத்துச்சு, நான்தான் கம்பி வெச்சு இறுக்குனேன்" என்றாய். யார் சொல்லி வைத்தாய் என்று நீ சொல்லவில்லை. "உங்கம்மா கடை பிட்டுதான? பிட்டு சரியில்லையா?" என்று ஒருவர் கேட்டார். "பிட்டு மேல தப்பு இல்லீங்க. என் கை மேலதான்" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்குத் தினமும் ஞாபகம் வருகிறது. "படிச்சுப் படிச்சு சொன்னேங்க, கேட்டாத்தான?" என்றேன்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவைதான். அவமானத்தில் பார்க்கிறாய் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அப்புறம் உன்னை ஒருத்தரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நீ போயிருக்க மாட்டாய். மிஷினைத் துடைத்துப் பரண் மேல் வைத்தாய். புரட்டாசியில் சென்னைக்குப் பஸ் ஏறினாய். கடை நன்றாகத்தான் நடந்தது. மகன் செய்த தப்புக்குப் பாவம் அந்தம்மா என்னா பண்ணும் என்று என்மேல் இரக்கப்பட்டே இரண்டு பேர் கூட வந்து வாங்கினார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

இப்போது நீ எதிர்பார்க்காததைச் சொல்கிறேன். நிச்சயதார்த்தம் முடிந்த மூன்றாம் நாள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள் வருவார்கள் என்று பரணை ஒழித்தேன். உன் தகரப் பெட்டியை இறக்கினேன். அடியில் ஒரு துணிச் சுருளில் அந்தப் பிட் இருந்தது. அதன் அடிப்பாகத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே பேனாவால் எழுதியிருந்தாய். உன் எழுத்துதான். "1/2. பன்னிரண்டு இல்லை." பரணுக்குக் கீழே ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சார்ப்பு விழுந்த அன்று சாயங்காலம் நீ கடைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் வெர்னியரை எடுத்துக்கொண்டு போனது, அரை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்தது எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தபோதே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிட் மேல் தப்பு இல்லை என்று சொன்னாய். தெரிந்துகொண்டுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதே வாயால்தான் கீழ்புத்துப்பட்டிலும் "என் கவனக்குறைவு" என்று சொன்னாய்.

ஒன்று மட்டும் உனக்குத் தெரியாது. அம்மா பார்க்காமல் மாற்றிக் கொடுத்துவிட்டாள், பாவம், பெரியவள், கண் சரியாகத் தெரிந்திருக்காது என்று நினைத்திருப்பாய். அப்படி நினைத்துத்தான் இத்தனை நாள் தாங்கியிருப்பாய். இல்லைடா. கண் நன்றாகத் தெரிந்தது. அரை இஞ்ச் என்று தெரிந்துதான் கொடுத்தேன். நீ இரண்டு தடவை கேட்டாய், இரண்டு தடவையும் பொய் சொன்னேன். எதிர்க்கடைக்கு நீ போகக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை. இதை எழுத எனக்கு அவ்வளவு வெட்கமாக இருக்கிறது, பேனாவை இரண்டு தடவை கீழே வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

உன்னைக் கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்காமலே போனேன். முதலில் அஞ்சலை அக்காவிடம். பாத்தி வரப்பில் வெயிலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள், கூட நாலைந்து பெண்கள், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பிட்டைக் காட்டினேன். அவள் அதை வாங்கிப் பார்க்கவில்லை. "உன் புள்ள ஊருக்கு வரும்போதெல்லாம் வந்து என் எதிர்ல தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கிறான். நீ மூணு வருசமா இந்த ரோட்டுலதான் வண்டியில போற. ஒரு நாளு நிறுத்துனியா?" என்றாள். நான் நிறுத்தியதில்லை. அழுகை வந்தது, அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்த வேண்டி வருமே என்று அடக்கிக்கொண்டேன். மன்னித்துவிடு அக்கா என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல மாட்டேன். சொன்னா உனக்கு நல்லா இருக்கும், என் கை மடங்குமா?" என்றாள். இடது கையால் தூக்குச் சட்டியை மூடிவிட்டு, "அன்னைக்கு உழுந்த சார்ப்ப இதுவரைக்கும் யாரும் எடுத்துக் கட்டல. வெயில்ல குந்திக்கினு துன்றோம். மொதல்ல அத போட்டுக் குடு" என்றாள்.

அங்கிருந்து ஏழுமலையிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "அந்தப் பையன நான் என்னென்ன பேசிட்டேன்" என்று மட்டும் சொன்னார். சார்ப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதே வண்டியில் கீழ்புத்துப்பட்டுக்குப் போனேன். நித்யாவும் இருந்தாள், அவள் அம்மாவும் இருந்தாள். அதே கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல் சொன்னேன். தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள மேல இருந்த சந்தேகம் போச்சும்மா. இப்ப சம்பந்தி மேல வந்துடுச்சு" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். நியாயம்தான் என்றேன். நித்யா என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். "அவரு மிஷின திரும்பத் தொடுவாரா அத்தை?" என்று கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்விக்கே நான் சொல்றேன் இல்ல என்று அளந்துவிடாமல், தெரியலம்மா என்று சொன்னேன்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அம்மா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. ஆனால் பட்டவள் என்கிற முறையில் சொல்கிறேன். இல்லாததை இல்லை என்று சொல்லிவிடு, அதற்காக ஒருத்தரும் உன்னைக் கீழே இறக்க மாட்டார்கள். இறக்கினாலும் பரவாயில்லை. தப்பான ஓட்டைக்குக் கம்பி சொருகாதே, தள்ளிப் போட்டு வேறு ஓட்டை போடு. இதைக் குடும்பத்துக்கும் பொருத்தி அழகாக ஒரு வாக்கியம் எழுதலாம் என்று பார்த்தேன், எழுதினால் நீ சிரிப்பாய். அப்புறம், வீட்டு ஆள் என்பதற்காக நித்யாவுக்கு மிச்சத்தைக் கொடுக்காதே. குளியலறைத் தாழ்ப்பாளை நேற்று மாற்றிவிட்டேன், முழுதாக விழுகிறது. இன்னொன்றும் கேட்கிறேன். யாரையாவது காப்பாற்ற வேண்டும் என்று தோன்றினால், அது நானாகவே இருந்தாலும், உன் பெயரைக் கொடுத்துக் காப்பாற்றாதே. நீ அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊர் என்னைக் காறித் துப்பியிருக்கும். துப்பியிருக்க வேண்டும். கடைக்கு ஆள் குறையும் என்று பயந்தேன், இப்போது எப்படியும் குறையும். இன்று காலை இரண்டு பேர் என் கடையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நானும் அவர்கள் பின்னாலேயே போனேன். ஆமாம், ரோட்டைக் கடந்து எதிர்க்கடைக்கு. ஒன்பது மணி, பஸ் ஸ்டாப்பில் கூட்டம். பாய் அப்போதுதான் கடையைத் திறந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "கான்கிரீட்டுக்குப் பன்னெண்டு எம்.எம். பிட்டு ஒண்ணு குடுங்க பாய்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா, உங்க கடையில இல்லாததா?" என்றார். "இல்ல பாய். அன்னைக்கும் இல்ல" என்றேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அதுதான் உன்னிடம் இருக்கும் பிட். ஆங்கர் இங்கே வீட்டில் இருக்கிறது, இந்த உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீலாகவே வாங்கி வைத்திருக்கிறேன். மிஷினைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். பந்தக்கால் நடுவதற்கு நாலு நாள் முன்னால் வா, மாப்பிள்ளைக்கு வெயிலில் என்ன வேலை என்று யார் கேட்டாலும் கேட்கட்டும். அஞ்சலை அக்காவும் மற்றவர்களும் நிழலில் உட்கார்ந்து சோறு தின்ற பிறகு உனக்கு மாலை போடலாம். வர மாட்டேன், மிஷினைத் தொட மாட்டேன் என்றாலும் உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வேறு ஆளை வைத்துச் செய்து முடிக்கிறேன். ஆனால் வருவதாக இருந்தால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய். பாய் அளந்து காட்டித்தான் கொடுத்தார், நானும் வீட்டுக்கு வந்து இரண்டு தடவை அளந்துவிட்டேன். பன்னிரண்டுதான். இருந்தாலும், அம்மா சொல்கிறாளே என்று நம்பிவிடாதே. உன் கையால் ஒரு தடவை அளந்து பார்.

அம்மா